கேக்குதா?

கீழமாசி வீதி சோணைமுத்து கடையில்
நூறு கிராம் கடுக்காய்.
"கொட்டைய நீக்கிட்டு இடிங்க" என்றார்,
ஏதோ என் வயிற்றுக்கு வாங்குகிறேன் என்று.

நாகமலை அடிவாரத்து ஆய்வகம்.
கத்தரிப்பூ நிறக் கரைசலில்
கடுக்காய்ச் சாறு ஒரு சொட்டு.
முப்பது நிமிடம் இருட்டில் வைக்கவேண்டும்.
பத்தாவது நிமிடமே திருட்டுத்தனமாகப் பார்த்தேன்:
மஞ்சள்,
வெயில் தின்ற சுவரொட்டி மாதிரி.
சாறு விடாத பக்கத்துக் குழாயில்
ஊதா ஊதாவாகவே.

மறுபடி போனபோது கேட்டார்,
"கேக்குதா?"
"கண்ணாடிக் குழாய்க்குக் கேக்குது."
"மனுசனுக்கு?"
"அதுக்கு இன்னும் ஆறு வருசம், பணம், எலி."

சிரித்துக்கொண்டே
எண்ணெய்த் துணியால் தராசைத் துடைத்தார்.
துரு கொஞ்சம் துணியோடு வந்தது.
கொஞ்சம்
தட்டிலேயே இருந்து
என் அடுத்த நூறு கிராமோடு
எடைக்கு நின்றது.