மரத்தில் எழுதியிருப்பது

கூண்டுக்குள்ளிருந்து குருவிச் சத்தம் வந்தது.
பறவை ஏதோ தவறிச் சிக்கிவிட்டதென்று
துப்பாக்கியை ஜீப்பிலேயே விட்டுப் போனேன்.
உள்ளே சிவிங்கி.
கர்ஜிக்கத் தெரியாத மிருகம்
கம்பியில் மோதி மூக்குத்தோல் கிழிந்து
கீச் கீச்சென்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது.
திரும்பி நடந்து துப்பாக்கியை எடுத்து வந்தேன்.

அந்த வருஷம் அது ஏழாவது.

ஒகாகராராவுக்கு வடக்கே எங்கள் பண்ணையில்
சாய்ந்து வளர்ந்த ஒட்டகமுள் மரம் ஒன்று.
நகங்களை உள்ளிழுத்துக்கொள்ளத் தெரியாத காலுக்கும்
ஏறத் தோதான சாய்வு.
சுற்றிலும் முள் வெட்டிப் போட்டு
ஒரே ஒரு வாசல் விட்டு
அதில் கூண்டை வைத்தால் போதும்.
இறைச்சி வேண்டாம், ஆட்டுக்குட்டி வேண்டாம்,
மரமே இரை.
ஏனென்று நான் கேட்டதில்லை.

ஏழும் போன வருஷத்தில் பதினாறு கன்றுகளும் போயின.
எதையும் சுடாத முந்தைய வருஷம் ஒன்பது.
உவசேவா இரண்டு எண்களையும்
ஒரே தாளில் எழுதி
என் சோற்றுத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.
கல்யாணமான இத்தனை காலத்தில்
இதைவிடச் சத்தமாக அவள் பேசியதில்லை.

துயேனி வந்தது அதற்குப் பிறகு.
எட்டாவதை எனக்குக் கொடுங்கள் என்றாள்,
மயக்கி, கழுத்தில் பட்டை கட்டி, விட்டுவிட்டாள்.
மூன்று மாதம் கழித்துத் திரையில் காட்டினாள்:
பண்ணை முழுக்கச் சிதறிய புள்ளிகள்
ஓரிடத்தில் மட்டும்
வெல்லத்தில் எறும்பாய் மொய்த்துக் கிடந்தன.

"இடத்துக்குச் சொந்தக்காரன்
தன் பெயரை மூத்திரத்தால் எழுதுகிறான்.
இடமில்லாதவர்கள் வந்து படித்துவிட்டுப் போகிறார்கள்.
சொந்தக்காரனைச் சுட்டீர்கள்.
பலகை காலி.
காலி என்ற சேதிக்கு மூன்று பேர் வந்தார்கள்."

அப்புறம் கேட்டாள்:
கன்று ஈனும் பசுக்களை எங்கே அடைக்கிறீர்கள்?

மூன்றாம் நம்பர் வேலிக்குள்.
தண்ணீர்த்தொட்டி அங்கேதான்.
மரமும் அங்கேதான்.

எனக்குச் சிரிப்பு வந்தது,
நல்லவேளை, சிரிப்புதான் வந்தது.

ஐந்து கிலோமீட்டர் குழாய், புது பம்பு,
இரண்டு எருதுகள் விற்ற பணம், போதாததற்கு வங்கி.
பசுக்கள் கிழக்கே போயின.
அந்த வருஷம் மூன்று கன்று.
அதிலும் ஒன்று பாம்பு கடித்து.

பக்கத்துப் பண்ணை ஃபோல்கர் கூண்டை இரவல் கேட்டான்.
விற்றுவிட்டேன் என்றேன்.
கொட்டகைக்குப் பின்னால் கிடக்கிறது,
கோழிகள் அதில் முட்டையிடுகின்றன.

இதனால் நான் அதை நேசிக்கிறேன் என்று எழுதிவிடாதீர்கள்.
ஒருமுறை அது ஓடியதைப் பார்த்தேன், பார்த்தேன் என்பதும் பொய்,
தலையைத் திருப்புவதற்குள் முடிந்திருந்தது.
பிறகு பார்த்ததுதான் மனதில் நிற்கிறது:
கொன்ற மானின் பக்கத்தில்
தின்னவும் திராணியில்லாமல் கிடந்தது.
விலா துருத்தியாய் ஏறி இறங்க,
ஒரு நரி வந்து பிடுங்கியிருந்தாலும் கொடுத்திருக்கும்.
அத்தனை வேகமும் கடன்.
வட்டியோடு அங்கேயே கட்டியாக வேண்டும்.
கடன் எனக்குத் தெரியும்.

போன மாதம் பட்டையின் பாட்டரி தீர்ந்தது.
புள்ளிகள் நின்றுவிட்டன.
மரத்தடிக்குப் போய்
குனிந்து முகர்ந்து பார்த்தேன்.
புளிப்பு, மண், வேறொன்றுமில்லை.
இந்தப் பண்ணையில் நானொருவன்தான் எழுத்தறியாதவன்.
நாலு பக்கமும் பார்த்தேன். யாருமில்லை.
ஐம்பத்திரண்டு வயதில், பட்டா வைத்திருக்கும் மனிதன்,
நானும் ஒரு வரி எழுதினேன்.

துயேனி எதிர்க்கிளையில்
கேமரா கட்டியிருந்தது எனக்குத் தெரியாது.

இரண்டு படங்கள் அனுப்பினாள், ஒரு சொல் சேர்க்காமல்.
முதல் படத்தை உவசேவா
கண்ணில் நீர்வரச் சிரித்துப் பார்த்தாள்.
இரண்டாவது, அதே இரவு, இரண்டு மணி பத்து நிமிடம்:
நான் நின்ற இடத்தில் மூக்கை வைத்து
நெடுநேரம் படித்திருக்கிறது.
பிறகு திரும்பி, வாலைத் தூக்கி,
என் வரியின்மேல்
தன் வரி.