லைற் அடித்தால்

தவநேசன் மச்சான் சூரிச்சிலிருந்து வந்து
மூன்றாம் நாள் வான் ஒன்றை வாடகைக்கு எடுத்தார்.
"நீ பக்கத்தில இரு, நானே ஓட்டுறன்."
இருந்தேன்.
என் ஓட்டோ அன்று வேம்புக்குக் கீழே படுத்திருந்தது.

கல்லடிப் பாலம் ஏற முன்னமே
சிக்னல் போடுகிறார்,
வெயில் காய்ந்த கண்ணாடியில்
வைப்பர் இரண்டும் கிறீச்சிட்டு ஆடுகின்றன.
நான் சிரிக்கவில்லை.
தோஹாவில் ஆறு வருடம் தண்ணீர் பவுசர் ஓட்டிவிட்டு
வந்த கிழமை
நானும் அரசடிச் சந்தியில்
இல்லாத மழையைத் துடைத்தவன்தான்.
தலை பிளேனில் வந்துவிடும்.
கை வந்து சேர இன்னும் பத்து நாள் பிடிக்கும்.

"ஏன் எல்லாரும் கோன் அடிக்கிறாங்கள்,
நான் என்ன பிழை செய்தன்?"
பிழை ஒன்றுமில்லை மச்சான்.
உங்கட ஊரில் அது ஏச்சு,
இங்கே இருமல்.
நான் பின்னால நிக்கிறன், அவ்வளவுதான் சொல்லுகிறான்
அந்தப் பட்டா லொறிக்காரன்.
இப்போது அடித்தானே ஒரு குட்டிக் கோன்,
அது உங்களுக்கில்லை,
மருந்துக்கடை வாசலில் நிற்கும் தன் மச்சினனுக்கு.
நீளமாய் வருவது கல்முனை பஸ்.
அதற்கு மட்டும் விளக்கம் கேட்க நேரமில்லை,
ஒதுங்குங்கள்.

காத்தான்குடி.
தெரு நடுவே பேரீச்சை மரங்கள்,
ஒரு நொடி எனக்கு எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்றே மறந்தது.
மஞ்சள் கோட்டின் ஓரம் ஒரு பெண்மணி, கையில் மீன் பை.
(மஞ்சள் கோடு என்கிறோம். அடித்திருப்பது வெள்ளை.)
மச்சான் நிறுத்தினார்,
சட்டப்படி, அழகாக, கோட்டுக்கு ஒரு முழம் முன்னே.
அவ அசையவில்லை.
இந்த வானுக்கு என்ன பழுதோ என்று ரயரைப் பார்த்தா.
மச்சான் கையைக் காட்டினார், போங்க.
அவவும் கையைக் காட்டினா, நீங்க போங்க.
பின்னால் ஊர் முழுதும் இருமத் தொடங்கிற்று.
கடைசியில் அவ எங்களைச் சுற்றிப் போய்
ஓடுகிற மோட்டார் சைக்கிள்களுக்கு
உள்ளங்கையை மட்டும் காட்டிக்கொண்டு
தெருவைக் கடந்தா.
ஒருவன்கூட அந்தக் கையை முட்டவில்லை.
கோடு பக்கத்தில் சும்மா கிடந்தது.

களுவாஞ்சிகுடிச் சந்தையடி.
கலியாண மண்டபம் வாவிப் பக்கம்,
வலப்புறம் திரும்பவேண்டும்.
எதிரே பஸ். இரண்டு தரம் லைற் அடித்தது.
"பாத்தியா, நல்ல மனிசன், வழி விடுறான்"
என்று திருப்பினார்.

ஹான்ட் பிரேக்கை நான் இழுத்தது எனக்கே தெரியாது.
பஸ்ஸின் முகம் எங்கள் கண்ணாடி நிறைய வந்து நின்றது.
நெற்றியில் தேசிக்காய் மாலை.
எண்ணினேன், ஏழு காய்.

அதே வெளிச்சம், அதே இரண்டு இமைப்பு.
அவருடைய ஊரில், நீ போ.
தோஹாவில் வெள்ளை லான்ட்குரூசர் முதுகில் வந்து அடித்தால்,
விலகு.
இங்கே, நான் வாறன்.
நடுவில் ஒரு சாண் தார்.

நடத்துனர் தலையை நீட்டினார்.
ஏசப்போகிறார் என்று இருந்தோம்.
"எந்த நாடு?"
மச்சான் சொன்னார்.
"போன கிழமை கனடாக்காரர் ஒராள்,
இதே இடம்" என்றுவிட்டு
பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்,
றைற், போ.

மண்டபத்தில் மச்சான் பாயாசத்தைத் தொடவில்லை.
சாவியை என் சட்டைப் பையில் போட்டார்.
திரும்பி வரும்போது ஆரையம்பதி இருட்டில்
நடுத்தெருவில் ஆறேழு மாடு படுத்திருந்தது.
லைற்றும் இல்லை, கோனும் இல்லை.
எல்லாரும் சுற்றிப் போனோம்.

அவர் போய் ஒரு மாதம்.
நேற்றுக் கோட்டைமுனையில்,
ஏனென்று தெரியாது, கோட்டடியில் ஓட்டோவை நிறுத்தினேன்.
குடையோடு ஒரு அக்கா.
நான் நின்றேன். அவவும் நின்றா.
கையைக் காட்டினேன்.
குனிந்து உள்ளே பார்த்தா.

"வேணாம் மனே,
நான் நடந்தே போறன்."