உப்புக்கான கட்டம்

நூற்றைம்பது, நூறு.
பட்டையை அவிழ்த்து இன்னொரு கையிலும் சுற்றினேன்.
அதே எண்.
எட்டாம் மாதம். கணுக்காலை விரலால் அழுத்தினால்
குழி விழுந்து, நிரம்ப நேரம் எடுக்கிறது,
சேற்றில் பதிந்த ஆட்டுக் குளம்பு போல.

உப்பைக் குறைத்துக்கொள் மொர்ஜினா, என்றேன்.
பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு,
சொல்லிவிட்டு டிக் அடிக்க வேண்டும்.
அவள் சிரித்தாள். சுவரைப் பிடித்து எழுந்துபோய்
உப்பு டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்துக் காட்டினாள்.
செத்த எறும்பு ஒன்று விழுந்தது.
'பால்குன் பிறந்ததிலிருந்தே போடுவதில்லை, அக்கா.
குளத்துத் தண்ணியில் பருப்பு வேகும்போது
அதுவே போட்டுக்கொள்கிறது.'

கரைக்கு அந்தப் பக்கம் இறால் பண்ணை.
மாக மாதத்தில் மதகைத் திறப்பார்கள்,
கடல் நடந்தே உள்ளே வரும்.
புயலடித்த வருடம் யாரும் திறக்காமலே வந்தது.
பள்ளிக்கூடத்துப் பக்கம் குழாய்க் கிணறு போட்டார்கள்.
முந்நூறு அடி ஆழத்திலும் அதே கடல்.

வியாழன்தோறும் இத்ரிஸ் படகில் போய்
வடிகட்டிய தண்ணீர் ஒரு கேன் வாங்கி வருகிறான்.
அதில் அவன் அம்மாவுக்கு, இரண்டு பிள்ளைகளுக்கு,
வருகிறவர்களுக்கு ஒரு டம்ளர்.
போன மாதம் எனக்கும் கொடுத்தாள்.
நல்ல வெயில். யோசிக்காமல்
குடித்துவிட்டேன்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இவள் யாரை நினைப்பாள்?
மதகுச் சாவிக்காரனையா, புயலையா,
எங்கோ ஒரு தட்டில் வால் மட்டும் மிச்சம் வைத்து
இறால் தின்று முடித்தவனையா?
உள்ளே மிதக்கிற பிள்ளைக்கு
இந்நேரம் ருசி பழகியிருக்கும்.

தலை வலிக்கிறதா?
வலிக்கிறது.
கண்முன் பூச்சி பறக்கிறதா?
சாயங்காலம் மட்டும்.
வலிப்பு என்ற சொல்லை நான் சொல்லவில்லை.
நாளை முதல் படகில் பெரிய ஆஸ்பத்திரி, என்றேன்.
நாளைக்கு அவருக்குப் பண்ணையில் கூலி இருக்கிறதே,
நாளன்றைக்குப் போகட்டுமா?
கூடாது. என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

பையில் என் பாட்டில் இருந்தது,
எங்கள் வீட்டுத் தொட்டியில் மிஞ்சிய கடைசி மழை.
இனிப்புத் தண்ணீர் என்போம் இங்கே.
திறந்து கொடுத்தேன்.
ஒரு மடக்குக் குடித்தாள், நாக்கைச் சப்பினாள்,
மூடியைத் திருகித் திருப்பித் தந்தாள்:
'சப்பென்று இருக்கிறது, அக்கா.'