முப்பத்தோராம் பறவையின் இடது சிறகு

பெர்கனில் மழை நிற்கும் என்று நம்பி
யாரும் வெறுங்கையோடு கிளம்புவதில்லை.
ஆனால் காற்று ஒன்று இருக்கிறது,
கடலிலிருந்து சந்துக்குள் நுழைந்து
குடையின் அடிவயிற்றில் கைவிட்டுப் புரட்டிப்போடும்.
வாய்க்குள் ஒரு வசவோடு
குப்பைத்தொட்டியில் அதைத் தலைகீழாகச் செருகிவிட்டு
நனைந்துகொண்டே போவார்கள்.

அஸ்லௌக் அவற்றைப் பொறுக்குவாள்.
டிராம் பணிமனையில் இரவுத் துப்புரவு, என்னோடு.
இருக்கையடியில் நான் சூயிங்கம் சுரண்டும் நேரம்
கக்கத்தில் இரண்டு குடை இடுக்கி நிற்பாள்.
"இதற்கு இன்னும் எலும்பு இருக்கிறது."

ஓவியப் பள்ளியா, அந்தத் தெருப்பக்கம்கூடப் போனதில்லை.
பதினைந்து வயதில் மீன் ஆலை,
அப்புறம் இரண்டு பிள்ளைகள், அப்புறம் நாங்கள்.
ஒரு குறடு, கொஞ்சம் தூண்டில் நரம்பு,
துருக்கம்பியை வளைக்க
பழுப்பேறிய ஒரு முழங்கால்.

குடியிருப்பின் நிலவறையில், மிதிவண்டிகளுக்கு மேலே,
நீர்க்காகங்கள்.
பாறைமேல் சிறகைக் காயவைத்து நிற்குமே, அப்படி.
மழைக்கு விரிந்தவை வெயிலுக்கு விரிந்தன என்று
யாராவது எழுதுவார்கள். எழுதினார்கள்.
அவளைக் கேட்டால்,
"நனைந்தால் காயவேண்டாமா?"

அருங்காட்சியகத்திலிருந்து மெரெத்தே வந்தாள்,
வெள்ளைக் கையுறையோடு எண் போட்டாள்.
நாற்பத்திரண்டு.
பலகையில் 'தானே கற்றவர்' என்றிருந்தது.
"காற்றின் பெயரையும் போடு,
பாதி வேலை அதனுடையது" என்றாள் அஸ்லௌக்.
போடவில்லை.

மூன்றாம் நாள் ஒருவர்
முப்பத்தோராம் பறவையின் முன் அரைமணி நின்றார்.
காவலாளி இருமுறை இருமிப் பார்த்தான்.
இடது சிறகு பச்சைக் கட்டம்.
ஓரத்தில் சிவப்பு நூலில்
கோணல்மாணலாய் ஒரு ஒட்டு.

"டாக்னி தைத்தது" என்றார்.
"தையல் அவளுக்கு வரவே வராது.
ஆஸ்பத்திரியிலிருந்து தனியாகத் திரும்பிய இரவு
டிராமில் விட்டுவிட்டேன்.
தேடவில்லை. அன்றைக்கு எதையென்று தேடுவது?"

மெரெத்தே காப்பீடு பற்றிச் சொன்னாள்,
பட்டியல் அச்சாகிவிட்டது என்றும்.
அஸ்லௌக் கைப்பையைத் திறந்து குறடை எடுத்தாள்,
மற்றவர்கள் சீப்பு எடுப்பதுபோல.
ஏணி கேட்டாள். ஒருவரும் அசையவில்லை.
ஏணி எந்த அறையில் இருக்கும் என்பது
பெருக்குகிறவர்களுக்குத் தெரியும். நான் போனேன்.

எட்டு முடிச்சு.
சிறகு இறங்கியது, கூடவே கொஞ்சம் தூசு.
அவர் அதைக் கோட்டுக்குள் வைத்துப்
பொத்தான் போட்டுக்கொண்டார்.
வெளியே மழை சாத்தியது.
விரிக்கவில்லை.

ஒற்றைச் சிறகோடு சாய்ந்து தொங்குகிறது முப்பத்தொன்று.
சரிசெய்யச் சொல்லிக் கடிதம் வந்தது,
அதில் மீன் மடித்தாள்.

இப்போதெல்லாம் கம்பியைப் பிரிக்கும் முன்
பணிமனை விளக்கடியில் குடையை விரித்து
ஓரம் ஓரமாகத் தடவிப் பார்க்கிறாள்.
யாராவது தைத்திருந்தால் தொடுவதில்லை,
என் அலமாரியில் வைக்கிறாள்,
அவளுடையது நிறைந்துவிட்டது.

இந்த மாதம் ஏழு.