யாருடைய ஆள்

வீடு பார்க்கத் தொடங்கி ஏழாவது மாதம்.
தரகர் பேரின்பம் இந்தமுறை
மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு
முதலில் ஒரு தாளை நீட்டினார்.
'வாசிச்சுப்போட்டு ஒப்பம் வையுங்கோ, பிள்ளை.
இனி இப்பிடித்தான்.'

முன்பு தாள் இல்லை.
விற்கிறவர்தான் நூற்றுக்கு மூன்று கொடுப்பார்.
வாங்குகிறவருக்கு ஒரு சதமும் செலவில்லை என்று
பெருமையாய்ச் சொல்லித் திரிந்தோம்,
அந்த மூன்றும் விலைக்குள்ளே
தேத்தண்ணியில் சீனியாய்க்
கரைந்து கிடந்தது தெரியாமல்.

இப்போது அவரவர் ஆளுக்கு அவரவர் கூலி.
எவ்வளவென்று முன்னரே எழுத வேண்டும்.
பேரம் பேசலாம்.
பேரின்பம் இரண்டு என்றார்.
நான் ஒன்று என்றேன்.
ஒன்றரையில் பேனை நின்றது.

ஆசுபத்திரியில் இரவு வேலை முடித்து
பஸ்ஸில் நின்றபடி கணக்குப் பார்த்தேன்.
ஒரு கோடி எண்பது லட்சத்துக்கு
இரண்டு லட்சத்து எழுபதாயிரம்.
வங்கி வீட்டுக்குக் கடன் தரும்,
தரகருக்குத் தராது.
அது என் காதிலிருந்துதான் கழன்று வர வேண்டும்.

கலாநேசனுக்கு நல்ல செய்தி.
மிசிசாகாவிலிருந்து வீடியோவில் சிரித்தார்.
வேறு ஆள் பிடித்துவிட்டாராம்.
'கொமிஷன் எனக்கு இப்ப பாதிதான், தங்கச்சி.'
'அப்ப அந்தப் பாதி விலையிலயும் குறையுமோ, அண்ணை?'
லைன் சரியில்லை என்றார்.
அவர் கோப்பை வைத்த சத்தம்கூட
எனக்குத் தெளிவாய்க் கேட்டது.

அரியாலை.
மூன்று அறை, புது வெள்ளை,
சன்னல் கம்பியில் இன்னும் ஒட்டுகிற பெயின்ற்.
இதே வீட்டைத் தை மாதம் பார்த்தேன்,
இதே பேரின்பத்தோடு.
அன்று காட்டியது
கிழக்கு வாசல், மாபிள் தரை, காய்க்கிற மாமரம்.
'கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்' என்றார்.
கண்ணை மூட வைப்பதற்குத்தான்
அன்று அவருக்குக் கூலி.

இன்று படலை திறந்ததும்
மாபிளைத் தாண்டி
நேரே பின்வளவுக்கு நடந்தார்.
கிணற்றில் வாளியை விட்டார்.
'குடிச்சுப் பாருங்கோ.'
நாக்கின் ஓரத்தில் ஒரு கரிப்பு.

'இது மாசித் தண்ணி.
ஆவணியில வாயில வைக்கேலாது, முழுச் சவர்.
உறுதியில நாலு பரப்பு.
வேலி நிக்கிறது மூண்டே முக்காலில.
கிணத்தில அரைப் பங்கு
அடுத்த வளவு செல்வநிதிக்கு.
அவ ஒப்பம் வைக்காமல்
நொத்தாரிசு வாசலை மிதிக்காதேங்கோ.'

வாளி ஆடி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
'தையில இது தெரியாதோ?'
தலைக்கவசத்தைக் கையில் உருட்டினார்.
'தெரியும்.'
பிறகு,
'தையில நான் அவையின்ர ஆள்.'

பேசுவதற்கு ஒன்றரை.
பேசாமல் இருந்ததற்கு மூன்று.
மௌனத்துக்குத்தான் இந்த ஊரில்
எப்போதும் விலை கூட.

பன்னிரண்டு லட்சம் குறைத்தோம்.
லைன் அன்று நன்றாக வேலை செய்தது.
விலை இறங்கியதில்
பேரின்பத்தின் கூலியிலும் பதினெண்ணாயிரம் போயிற்று.
அவரே கூட்டிக் கழித்துச் சொன்னார்,
சிரிக்காமல்.
செல்வநிதி இன்னும் யோசிக்கிறா.

என்னோடு வேலை செய்யும் சுபோதினியிடம்
ஒன்றரையும் இல்லை, ஒன்றும் இல்லை.
தனியாகத்தான் வீடு பார்க்கிறாள்.
விற்கிறவரின் ஆள் அவளுக்கு மாபிள் காட்டுகிறான்.
கொழும்புத்துறையில் ஒன்று பிடித்துவிட்டதாம்,
முற்பணம் கொடுக்க நாள் பார்த்திருக்கிறாள்.
தண்ணி எப்பிடி என்று கேட்டேன்.
'கிணறு நல்ல வடிவாய்க் கட்டியிருக்கு' என்றாள்.

சனிக்கிழமை அவளோடு போகிறேன்.
தாளில்லை, ஒப்பமில்லை.
கைப்பையில்
ஒரு வெறும் போத்தல்,
ஒரு அளவுநாடா.