நாற்பத்தேழாம் குப்பி

வியாழன்தோறும் அய்யம்பேட்டை.
ஸ்கூட்டியின் முன்பக்கம் ஐஸ் பெட்டி, ஊசி,
வெந்தயத் தூளா வேறெதுவுமா என்று
எனக்கும் சொல்லப்படாத குப்பிகள்.
டாக்டருக்கும் தெரியாது.
பட்டியல் சென்னையில் ஓர் உறைக்குள் ஒட்டிக் கிடக்கிறது.
மெட்ஃபார்மின் மட்டும் எல்லோருக்கும் உண்டு.

படிவத்தின் மூன்றாம் பக்கம்:
தொண்ணூறு நாள் உணவில் வெந்தயம் கூடாது.
எழுதியவர் இந்தப் பக்கம் கை நனைத்ததில்லை.
இட்லிக்கு ஊறுவதில் ஒரு கரண்டி,
வத்தக்குழம்பில் தாளிப்பு,
சூடு பிடித்தால் மோரோடு ஒரு வாய்.
பிள்ளை பெற்ற எனக்கே
நாற்பது நாள் களி கிண்டிப் போட்டார்கள்.
பால் சுரந்ததா கசப்பு சுரந்ததா,
மகன் இன்னும் சொல்லவில்லை.

முப்பத்திரண்டாம் எண்காரர்
இரண்டாம் வாரமே கழன்றுகொண்டார்:
"அது போடாத தோசைக்குச் சர்க்கரையே மேல்."

பத்தொன்பது, கோமளவல்லி அக்கா.
பக்கத்தில் உட்கார்ந்தாலே தெரிந்துவிடும்,
வியர்வையெல்லாம் வெந்தய வாடை.
கண்கட்டிய ஆய்வு என்று
அட்டையில் அச்சடித்திருக்கிறார்கள்.
கண்ணைத்தான் கட்டினார்கள்.

நாற்பத்தேழு, ஜபருல்லா பாய்.
கந்தூரிக்கும் கல்யாணத்துக்கும் தேக்சா ஏற்றுகிறவர்.
தொடக்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு.
நடுவில் ரமலான் வந்தது.
பள்ளிவாசல் கஞ்சி அவர் கையில்தான்:
பச்சரிசி, பாசிப்பருப்பு, உரித்த பூண்டு,
கணக்கில்லாமல் ஒரு கைப்பிடி வெந்தயம்.
கிண்டி, வாசம் பிடித்தே உப்புச் சொல்லி,
ஊருக்கெல்லாம் ஊற்றிவிட்டு
தனக்குப் பாதிப் பேரீச்சம்பழம், தண்ணீர்,
என் குப்பியிலிருந்து ஒன்று.
சஹருக்கு இன்னொன்று.
வாராவாரம் கொட்டி எண்ணினேன்.
ஒன்று கூடியதில்லை, குறைந்ததில்லை.

கடைசி வியாழன்.
இருநூற்றெட்டு.
காலிக் குப்பியை நீட்டியபடி
"அரிசி மாவு" என்றார்.
"என்ன பாய்?"
"ரெண்டாம் நாளே பிரிச்சு நாக்குல வெச்சேன். கசக்கல.
நம்ம ஆடுதுறை அரிசி. பழசு. லேசாப் பூச்சி வாடை."
"தெரிஞ்சுமா இத்தனை நாள்..."
"நீ இந்த வெயில்ல வந்து எண்ணுறியே.
அதுவுமில்லாம
ஒருத்தன் அரிசி தின்னாத்தானே தங்கச்சி
வெந்தயம் என்னா செய்யுதுன்னு தெரியும்."

படிவத்தின் கடைசிக் கட்டம்:
தனக்கு எது தரப்பட்டது என்று
பங்கேற்பாளருக்குத் தெரியுமா?
ஆம். இல்லை.
ஆம் என்றால் அவருடைய தொண்ணூறு நாளும்
ஓரமாய் ஒதுக்கப்படலாம்.
இல்லை என்றால் பொய்.

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.
வெறும் சட்டி அடுப்பில் ஏறும் சத்தம்.
மூன்று மாதம் கழித்துத் தனக்காக வறுக்கிறார்.
சிவக்கும் மணம் கூடத்துக்கு வருகிறது,
இன்னும் ஒரு நொடி தாமதித்தால் கருகும்,
அவருக்குத் தெரியும் எப்போது இறக்குவதென்று.
நான்
பேனாவை மூடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.