எழுபத்தாறுக்கும் எழுபத்தேழுக்கும் நடுவே

குத்தாயிசியில் அன்று பனி ஈரமாய் விழுந்தது.
இரவுப் பணி எனக்கு.
லமாராவின் இமையை விரலால் தூக்கி
டார்ச் அடித்தேன்.
விரலை எடுத்ததும் விழுந்தது,
கடை ஷட்டர் போல.

செப்டம்பரில் அடைத்த கண்ணாடிப் புட்டி.
கத்தரிக்காய், பூண்டு, மல்லித்தழை.
ஒரு வாய் வைத்துவிட்டு
உப்பு போதவில்லை என்று
தட்டைத் தள்ளிவிட்டாராம் அவள் கணவர் ஜும்பேர்.
வீணாக்க மனமில்லாமல்
அவள் தின்று முடித்தாள்.

இப்போது அவளுக்காக
ஓர் இயந்திரம் மூச்சு விடுகிறது.

மூளை போய்விட்டதா டாக்டர், என்றார்.
மூளை இல்லை.
இந்த நிமிடமும் அது ஆணை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது:
இமையே திற, நாவே புரள், விலாவே விரி.
ஆணை நரம்பின் நுனிவரை வருகிறது.
அங்கே நிற்கிறது.

அந்த நுனியை எப்படிச் சொல்வது?
அவருடைய சிகரெட் அட்டையைக் கிழித்து
உட்புறம் வரைந்தேன்.
குமிழ்கள், ஆயிரமாயிரம்,
ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மடக்கு ரசாயனம்.
குமிழின் தோலில் குத்திட்டு நிற்கும் புரதங்கள்,
அதில் ஒரே வகை மட்டும் எழுபது இருக்கும்.
எதிர்ச் சுவரிலிருந்து மூன்று புரி நீளும்,
குமிழிலிருந்து ஒன்று.
நாலும் முறுக்கிக்கொண்டால் கயிறு.
கயிறு இறுக இறுக
குமிழ் சுவரில் ஒட்டி, வாய் பிளந்து, கொட்டும்.
அதைத்தான் சிரிப்பு என்கிறோம்,
விழுங்குவது என்கிறோம்.

குமிழின் அந்த ஒரு புரி
நூற்றுப் பதினாறு மணி கோத்த சரம்.
கத்தரிக்காய்க்குள் ஒளிந்திருந்த கத்தரி
எழுபத்தாறாம் மணிக்கும் எழுபத்தேழாம் மணிக்கும் நடுவே
வெட்டுகிறது.
வேறெங்கும் கை வைப்பதில்லை.
சொல்லக் கூடாது,
அந்தத் துல்லியத்தின் மேல் எனக்குப் பொறாமைகூட உண்டு.

பனியில் லார்ஸ் சாலை மூடிய நாளின் லாரிகளாய்
சரக்கோடு நிற்கின்றன குமிழ்கள்.

குதிரைச் சீரம் ஏற்றினோம்.
வெளியே திரியும் நஞ்சை அது பிடிக்கும்,
உள்ளே புகுந்ததைத் தொடாது.

அவளுக்குக் காது கேட்கிறது, என்றேன்.
எல்லாம் கேட்கிறது.

ஜும்பேர் வெளிறிப்போனார்.
ஐந்து நாளாய் அந்தக் கட்டிலருகில் நின்றுதான்
மைத்துனனோடு நிலத்தின் விலை பேசியிருக்கிறார்.
சவப்பெட்டியின் விலையும்.

அதன்பின் தினமும் வந்தார்,
தொப்பியைக் கையில் பிடித்தபடி
வானிலை மட்டும் சொன்னார்.
ரியோனி கலங்கி ஓடுகிறது.
காற்று இன்று மேற்கே.
வேறு பேச்சு வரவில்லை அவருக்கு.
அவர் நுனியில் எது வெட்டுண்டதோ.

நரம்பு பக்கத்தில் தளிர் விடும்.
பழைய நுனியும் மெல்ல
புதுப் புரி நெய்துகொள்ளும்.
அவசரப்படுத்த என்னிடம் மருந்தில்லை.

மார்ச் கடைசியில் இடது கால் பெருவிரல்.
ஏப்ரலில் ஒரு பென்சில்.

கோழி கிளறியது போன்ற எழுத்து.
முதல் வரியை ஜும்பேர் உரக்கப் படித்தார்:
நிலத்தை விற்றுவிட்டாயா?

இரண்டாவது வரிக்கு வந்ததும் நிறுத்தி
காகிதத்தை என்னிடம் நீட்டிவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உப்பு குறைவுதான்,
என்று எழுதியிருந்தாள்.